எஞ்சின் தயங்குவது ஏன்?

ஆக்சிலரேட்டரை மிதித்த மாத்திரத்தில் எஞ்சின் முழங்கி வண்டியை முன்னே செலுத்துதல் வேண்டும். அவ்வாறன்றி, ஒரு கணம் மூச்சு அடைத்தாற்போல் நின்று, சில வேளை வண்டியை ஒரு குலுக்குக் குலுக்கி, அதன் பின்னரே வேகம் கொள்ளும் கார்கள் உண்டு. பழைய கார்களை ஓட்டுவோர் இதனைப் ‘பிக்-அப் இல்லை’ என்று கூறுவர். ஒரு கணம்தானே என்று இக்குறையை ஒதுக்கிவிடுதல் தகாது. நாற்சந்தியில் எதிரே வரும் லாரியின் தொலைவைக் கணக்கிட்டுக் குறுக்கே புகுபவருக்கும், மலைப்பாதையின் ஏற்றத்தில் முன்செல்லும் பஸ்ஸைக் கடக்க முயல்பவருக்கும் அந்த ஒரு கணமே பேராபத்தாக முடியக்கூடும்.

இக்குறை நேர்ந்தவுடன் கைக்கு எட்டிய திருகுகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பது பலருடைய வழக்கம். நல்ல நிலையிலிருந்த உறுப்புகளும் இதனால் நிலை கெடுவதுண்டு. காரணத்தை முறையாக ஆராய்ந்து காண ஒரு வழி இருக்கிறது. கார்புரேட்டர் என்னும் கருவி ஒரே நாளில் ஒருவருடைய அறிவில் உதித்ததன்று. அது பல நாட்டு அறிஞர்களின் உழைப்பால், ஒரு குறைக்கு ஓர் உறுப்பாகச் சேர்ந்து உருப்பெற்றது. ஆதலின் ஓர் உறுப்புப் பழுதுறும்போது, எக்குறையை நீக்குவதற்காக அவ்வுறுப்புத் தோன்றியதோ, அக்குறையே மீண்டும் தலைகாட்டுகிறது. கார்புரேட்டரின் வரலாற்றை அறிந்தவர்க்கு அதன் நோயும் எளிதில் புலப்படும்.

பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எஞ்சினுக்குப் பயன்படாது; காற்றோடு கலந்து ஆவியானால்தான் எரியும். ஒரு பங்கு எடையுள்ள பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 பங்கு எடையுள்ள காற்று வேண்டும். கன அளவில் கூறுவதாயின், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்றுத் தேவை. பெட்ரோல் மிகுந்தால் புகை கக்கும். காற்று மிகுந்தால் தீப்பற்றத் தயங்கும். இவ்விகிதத்தை எல்லா வேகத்திலும் காப்பதே கார்புரேட்டரின் கடமை.

தொடக்கக் காலத்தில் இக்கடமை மிக எளிய முறையில் நிறைவேற்றப்பட்டது. ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் பென்ஸ் 1886-இல் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வண்டியில் எரிபொருளின் மேற்பரப்பிலிருந்து எழும் ஆவியே காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் சென்றது. 1888 ஆகஸ்டு மாதம் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், தம் மைந்தர் இருவரையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைம் நகரிலிருந்து பிபோர்ட்ஸ்ஹைம் நகருக்கு, நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு, அவ்வண்டியை ஓட்டிச் சென்றார். வழியில் எரிபொருள் தீர்ந்தது. ஒரு மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாயில் அடைப்பு ஏற்பட்டது. தம் தொப்பியின் ஊசியால் அதனை நீக்கினார் என்று கூறுவர். நெடுந்தொலைவு சென்ற முதல் மோட்டார்ப் பயணத்திலேயே எரிபொருள் அடைப்பு நேர்ந்ததும், ஓட்டியவரே அதனைத் தம் கையால் நீக்கியதும் நினைவிற் கொள்ளத்தக்கவை.

மேற்பரப்பு ஆவியைக் கொண்டு மெதுவாக ஓடும் எஞ்சினை நடத்தலாம். விரைந்து ஓடும் எஞ்சினுக்கு அது போதாது. ஆகவே பெட்ரோலை நுண்துளிகளாகத் தூவும் முறை பிறந்தது. 1893-இல் ஹங்கேரியில் டோனாட் பாங்கி, யானோஷ் சோங்கா ஆகிய இருவரும், ஜெர்மனியில் வில்ஹெல்ம் மைபாக் என்பவரும் இத்தகைய தெளிப்புக் கருவிகளை அமைத்தனர். பூக்காரி ஒருத்தி மலர்களின்மேல் நீர் தெளித்ததைக் கண்டே ஹங்கேரியர்க்கு இவ்வெண்ணம் உதித்தது என்று ஒரு கதை வழங்குகிறது.

இக்கருவியின் அடிப்படை அதற்கு முந்திய நூற்றாண்டிலேயே கண்டறியப்பட்ட உண்மையாகும். விரைந்து பாயும் இடத்தில் திரவத்தின் அழுத்தம் குறையும் என்பதை டேனியல் பெர்னூலி 1738-இல் விளக்கினார். குழாய் குறுகும் இடத்தில் இது நிகழ்வதை இத்தாலியரான வெஞ்சூரி 1797-இல் எடுத்துக்காட்டினார். கார்புரேட்டரின் தொண்டை நடுவே குறுகியிருப்பது இதன் பொருட்டே. அங்கே காற்று விரைகிறது, அழுத்தம் குறைகிறது, அருகிலுள்ள சிறு கிண்ணத்திலிருந்து பெட்ரோல் ஜெட்டின் வழியே உறிஞ்சப்பட்டுக் காற்றில் தெளிக்கப்படுகிறது. கிண்ணத்தில் பெட்ரோலின் மட்டம் மாறாதிருக்க, மிதவை ஒன்று ஊசி வால்வைத் திறந்து மூடுகிறது.

இவ்விடத்தில்தான் தயக்கம் என்னும் குறை தோன்றியது. காற்றினும் பெட்ரோல் ஏறத்தாழ 600 மடங்கு அடர்த்தி மிக்கது. ஓட்டுநர் மிதியைத் திடீரென அழுத்தும்போது, இலேசான காற்று அக்கணமே உள்ளே பாய்ந்துவிடுகிறது. கனத்த பெட்ரோலோ அசைந்து புறப்படச் சிறிது காலம் கொள்கிறது. மேலும், மிதி அழுத்தப்பட்டதும் எஞ்சினின் உள்வாங்கு குழாயில் இருந்த வெற்றிடம் தளர்கிறது. அழுத்தம் கூடவே, பெட்ரோல் எளிதில் ஆவியாகாமல் குழாயின் சுவர்களில் ஈரமாய்ப் படிகிறது. இவ்விரு காரணங்களாலும் அந்த ஒரு கணத்தில் எஞ்சினுக்குக் கிடைப்பது பெரும்பாலும் காற்றே. நாம் உணரும் தயக்கம் இதுதான். இக்குறை கார்புரேட்டரின் இயல்பிலேயே உள்ளது. அதனை மறைத்து வைக்கும் உறுப்புகள் நல்ல நிலையில் இருக்கும்வரை நம் உணர்வுக்கு எட்டாதிருக்கிறது.

இதனை மறைக்க அறிஞர்கள் இரு வேறு வழிகளைக் கண்டனர். முதல் வழி இங்கிலாந்தில் பிறந்தது. காலணி வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் என்பவர் 1905-ஐ ஒட்டித் தொண்டையின் அகலம் தானே மாறும் கார்புரேட்டர் ஒன்றை அமைத்தார். எஞ்சின் எவ்வளவு காற்றை வேண்டுகிறதோ அவ்வளவுக்கு ஒரு பிஸ்டன் மேலெழுந்து வழிவிடும். அப்பிஸ்டனில் பொருத்திய கூரிய ஊசி, ஜெட்டின் துளையையும் அதே அளவில் திறந்துவிடும். தொடக்கத்தில் பிஸ்டனுக்குப் பதிலாகத் தோலால் ஆன துருத்தியே இருந்தது; காலணிக் குடும்பத்தார்க்குத் தோல் கைவந்த பொருளன்றோ! 1910-இல் எஸ்.யூ. நிறுவனம் அமைந்தது, 1926-இல் அது மோரிஸ் கார்களை உற்பத்தி செய்த வில்லியம் மோரிஸின் கைக்கு வந்தது. பின்னாளில் இக்கருவியில் எண்ணெய்த் தணிப்பான் ஒன்று சேர்ந்தது. மிதியைத் திடீரென அழுத்தும்போது பிஸ்டன் துள்ளி எழாமல் எண்ணெய் அதனைத் தாமதிக்கச் செய்யும். வழி குறுகியே இருப்பதால் காற்றின் வேகமும் உறிஞ்சுதலும் அக்கணத்தில் மிகும். வேண்டிய அதிகப் பெட்ரோலும் கிடைத்துவிடும்.

இரண்டாம் வழி ஐரோப்பாக் கண்டத்தில் பெரிதும் கையாளப்பட்டது. பிரான்சில் மோரிஸ் கூதார், மார்செல் மெனெசோன் என்னும் இருவர் உருவாக்கிய சோலெக்ஸ் கார்புரேட்டரை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இதில் தொண்டையின் அகலம் மாறுவதில்லை. எஞ்சின் சும்மா ஓடுவதற்கு ஒரு ஜெட்டும், சாலையில் விரைவதற்கு மற்றொரு ஜெட்டும், கலவையைச் சமன் செய்யக் காற்றுத் துளைகளும் இதில் உண்டு. தயக்கத்தை நீக்க ஆக்சிலரேட்டர் பம்பு என்னும் சிறு பம்பு பின்னர்ச் சேர்க்கப்பட்டது. மிதியை அழுத்தும்போதெல்லாம் அது ஒரு பீச்சுப் பெட்ரோலைத் தொண்டைக்குள் செலுத்தி, பின்தங்கிய பெட்ரோலுக்கு ஈடு செய்கிறது.

இவ்விரு மரபுகளும் நம் நாட்டிற்கு வந்து சேர்ந்தன. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தர்பாராவில், மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை முன்மாதிரியாகக் கொண்டு 1957 முதல் அம்பாசடர் கார் உற்பத்தியாயிற்று. சில ஆண்டுகளில் அதற்கு 1,489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின் அமைந்தது. மோரிஸ் குடும்பத்தின் எஸ்.யூ. கார்புரேட்டரும் அதனுடன் வந்தது. பம்பாய் குர்லாவில் உற்பத்தியான பியட் 1100 கார், 1970-களில் பத்மினி என்னும் பெயர் பெற்றது. 1,089 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள அதன் எஞ்சின், சோலெக்ஸ் மரபினைச் சேர்ந்த கார்புரேட்டரைக் கொண்டிருந்தது. கல்கத்தாவின் டாக்சிகளில் அம்பாசடரும், பம்பாயின் டாக்சிகளில் பியட்டும் பெருகின. இவ்விரு கார்களுமே நாட்டின் எண்ணற்ற மெக்கானிக்குகளுக்குப் பள்ளிக்கூடமாய் விளங்கின.

நம் நாட்டின் சூழல் இக்கருவிகளுக்குப் புதிய சோதனைகளைத் தந்தது. சாலைப் புழுதி ஜெட்டுகளை அடைத்தது. கோடையின் வெப்பத்தில் எஞ்சினை ஒட்டியுள்ள பெட்ரோல் பம்பிலேயே பெட்ரோல் ஆவியாகி, குழாயை அடைத்துக்கொண்டது. அதன்மேல் ஈரத்துணியைச் சுற்றி வைத்து ஓட்டுவது அம்பாசடர் ஓட்டுநர்கள் கண்ட எளிய வைத்தியம். 1973-இல் எழுந்த எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர்ப் பெட்ரோல் விலை ஏறவே, மைலேஜுக்காகக் கலவையைக் குறைத்து வைக்கும் வழக்கமும் பரவியது. சும்மா ஓடும்போதும் சீராகச் செல்லும்போதும் அதன் தீங்கு தெரிவதில்லை. கூடுதல் பெட்ரோல் வேண்டப்படும் அந்த ஒரு கணத்தில் அது தயக்கமாக வெளிப்படும். சிக்கனத்திற்காக மிதியை ஆழ அழுத்திப் பழகிய ஓட்டுநர், சேமித்ததையும் இழந்துவிடுவதுண்டு.

இனி, காரணத்தைக் காணும் முறையைக் கூறுவோம். முதற்கண் கவனிக்க வேண்டியது, தயக்கம் எப்போது நேர்கிறது என்பதே. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் நேர்ந்து, சூடேறியதும் மறையுமானால், பெரும்பாலும் கலவை குறைவு அல்லது சோக்கின் குறை. நண்பகலில் சிறிது நேரம் நிறுத்திவிட்டுக் கிளப்பும்போது நேருமானால், வெப்பத்தால் பெட்ரோல் ஆவியாதல் காரணமாகலாம். மிதியைத் திடீரென அழுத்தும்போது மட்டும் நேர்ந்து, மெல்ல அழுத்தினால் நேராவிடில், தணிப்பானையோ பம்பையோ ஐயுறலாம். நெடுநேரம் விரைந்து ஓடும்போது நேருமானால், பெட்ரோல் போதிய அளவு வந்து சேரவில்லை எனக் கொள்ளலாம். வடிகட்டியையும் பம்பையும் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவதாக, கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் தீப்பொறியைச் சோதித்தல் வேண்டும். அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் 1910-ஐ ஒட்டிப் பரவச் செய்த பேட்டரித் தீப்பொறி முறையே இக்கார்களிலும் உள்ளது. டிஸ்ட்ரிபியூட்டரிலுள்ள பாயிண்ட்டுகள் தேய்ந்தாலும், கண்டென்சர் கெட்டாலும், பிளக்குகள் கரிபிடித்தாலும் எஞ்சின் தயங்கும். பழி கார்புரேட்டர்மேல் விழும். பாயிண்ட்டின் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்திலுள்ள வட்டப் பெட்டியினுள் ஒரு மெல்லிய தகடு உண்டு. எஞ்சினின் வெற்றிடத்தால் அது இழுபட்டுத் தீப்பொறியின் நேரத்தை முன்தள்ளும். அதனோடு இணைந்த சிறு குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சினால், உள்ளே பாயிண்ட் தட்டு நகர்ந்து, உறிஞ்சியதை நிறுத்தும்வரை அங்கேயே நிற்றல் வேண்டும். நகராவிடில் தகடு கிழிந்திருக்கலாம். தயக்கத்திற்கு அதுவே காரணமாகலாம்.

மூன்றாவது, திருட்டுக் காற்று. கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையேயுள்ள இணைப்புகளில் கசிவு இருந்தால், அளக்கப்படாத காற்று உள்ளே புகுந்து கலவையை நீர்த்துப்போகச் செய்யும். எஞ்சின் சும்மா ஓடும்போது, சூடான புகைக்குழாயில் படாதவாறு, இணைப்புகளின்மேல் சிறிது எண்ணெயைத் தடவிப் பார்க்கலாம். ஓட்டத்தின் ஒலி மாறினால் கசிவு அவ்விடத்தே உள்ளது.

இவை யாவும் குறையற்றிருப்பின் நான்காவதாகக் கார்புரேட்டருக்கு வரலாம். கலவை குறைந்ததா மிகுந்ததா என்பதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. தயக்கம் உள்ள நிலையில் சோக்கைச் சிறிதே இழுத்து ஓட்டிப் பார்த்தால், தயக்கம் குறையுமாயின் கலவையில் பெட்ரோல் போதவில்லை. கூடுமாயின் ஏற்கெனவே பெட்ரோல் மிகுதி எனலாம்.

கைமாறிவந்த வண்டிகளில் கார்புரேட்டரும் மாறியிருக்கக்கூடுமாதலால், எவ்வகை பொருத்தப்பட்டுள்ளது என்பதை நேரே பார்த்து அறிதல் நன்று. எஸ்.யூ. வகையாயின், மேலுள்ள மூடியைத் திருகிக் கழற்றித் தணிப்பானில் எண்ணெய் இருக்கிறதா எனப் பார்த்தல் வேண்டும். எண்ணெய் வற்றியிருந்தால் பிஸ்டன் தடையின்றித் துள்ளும். பழைய தயக்கம் திரும்பிவரும். இக்குறையை நீக்கச் சில துளி மெல்லிய எண்ணெயே போதும். பின்னர், காற்று வடிகட்டியை நீக்கிப் பிஸ்டனை விரலால் உயர்த்தி விட்டால், அது ‘டக்’ என்ற ஒலியுடன் தடையின்றி விழுதல் வேண்டும். விழாவிடில் அழுக்கோ கோணலோ இருத்தல் கூடும். எஞ்சின் ஓடும்போது பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக உயர்த்திப் பார்த்துக் கலவையையும் அறியலாம். வேகம் கூடிக் கூடியவாறே நின்றால் பெட்ரோல் மிகுதி. எஞ்சின் உடனே நின்றுபோனால் பெட்ரோல் குறைவு. சிறிதே கூடி மீண்டும் பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி.

சோலெக்ஸ் வகையாயின், எஞ்சினை நிறுத்தி, அது ஆறிய பின், காற்று வடிகட்டியை நீக்கித் தொண்டைக்குள் நோக்குதல் வேண்டும். கையால் நெம்பை இழுத்த அக்கணமே ஒரு மெல்லிய பெட்ரோல் தாரை பீச்சப்படுதல் வேண்டும். தாமதித்து வந்தாலும், துளித்துளியாய் வந்தாலும், வாராவிடினும் பம்பின் தகடு கிழிந்ததோ அதன் ஜெட் அடைபட்டதோ காரணம். இச்சோதனையின்போது விளக்கும் பீடியும் அருகில் வரலாகாது என்பதைக் கூறவும் வேண்டுமோ? ஜெட்டில் அடைப்பு இருப்பின் காற்றைச் செலுத்தி ஊதி நீக்குதல் வேண்டும். கம்பியை நுழைத்தால் துளை அகன்று, அளவு என்றென்றைக்கும் கெடும். பெர்த்தா அம்மையாரின் ஊசி குழாய்க்குப் பொருந்தியது. ஜெட்டுக்கு அது பொருந்தாது.

கார்புரேட்டரின் காலம் நம் நாட்டில் 2000-ஐ ஒட்டி முடிவை நெருங்கியது. 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தலைநகர் வட்டாரத்தின் புதிய கார்களுக்கு யூரோ புகை அளவுகளைக் கட்டாயமாக்கியது. 2000 ஏப்ரல் முதல் நாடெங்கும் கடுமையான அளவுகள் நடைமுறைக்கு வந்தன. புகைக்குழாயிலுள்ள உணரியின் செய்திப்படி, மின்னணுக் கருவி பெட்ரோலை அளந்து பீச்சும் முறை கார்களில் இடம்பெற்றது. ஒரு கணத்திற்குள் காற்றின் அளவை உணர்ந்து வேண்டிய பெட்ரோலை அது தந்துவிடுவதால், தயக்கத்தை மறைக்கத் தணிப்பானும் பம்பும் வேண்டாமற் போயின. அம்பாசடரின் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. மும்பையில் பதிவு பெற்றிருந்த கடைசிப் பத்மினி டாக்சி 2023 அக்டோபர் இறுதியில் சாலையை விட்டு விலகியது.

எனினும் இவ்வறிவுக்கு இன்றும் தேவை உண்டு. தந்தை ஓட்டிய காரைப் பேணிக் காப்போரும், பழைய வண்டியை இன்னும் தொழிலுக்குப் பயன்படுத்துவோரும் பல ஊர்களில் இருக்கின்றனர். அவர்களுக்குப் புதிய சோதனை ஒன்றும் வந்துள்ளது. பெட்ரோலில் எத்தனால் சேர்க்கும் அளவு 2025-இல் நூற்றுக்கு 20 பங்கை எட்டியது. எத்தனால் எரிவதற்கு 9 பங்கு எடையுள்ள காற்றே போதுமாகையால், இக்கலவைக்கு வேண்டிய விகிதம் 14.7-இலிருந்து ஏறத்தாழ 13.5-ஆகக் குறைகிறது. மின்னணுக் கருவி இதனை உணர்ந்து தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டரோ பழைய அளவிலேயே பெட்ரோலைத் தரும். ஆதலின் கலவை சற்றுக் குறைந்து, தயக்கம் தலைகாட்டும். எத்தனாலைத் தாங்குமாறு செய்யப்படாத பழைய ரப்பர்த் தகடுகளும் குழாய்களும் பழுதுறவும் கூடும். அத்தகைய வண்டியை வைத்திருப்போர் அவற்றை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிக்கொண்டு, ஜெட்டின் அளவையும் கலவையையும் தேர்ந்த மெக்கானிக் ஒருவரைக் கொண்டு சரிபார்த்துக்கொள்ளுதல் நலம்.

அத்தகைய மெக்கானிக்குகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. எஞ்சினின் ஒலியைக் கேட்டும், பிளக்கின் நிறத்தைப் பார்த்தும் நோய் கூறும் திறன் பெரும்பாலும் ஏட்டில் எழுதப்படாதது. ஆசானின் பக்கத்தில் நின்று மாணவர் கற்றுக்கொண்டது. ஆயினும் அவர்கள் கையாண்ட வரிசை எவரும் கற்கக்கூடியதே. எப்போது தயங்குகிறது என்று கேட்டல், தீப்பொறியைப் பார்த்தல், கசிவைத் தேடுதல், இறுதியில் கார்புரேட்டரைத் திறத்தல் என்னும் இந்நான்கையும் இவ்வொழுங்கிலேயே செய்வோர், ஒரு திருகையும் வீணே திருப்ப வேண்டியதில்லை.